ஒன்பதாம் விதியும் ஒரு பிடி மண்ணும்

இந்த நிகழ்ச்சிக்கு முன்னர் போடிநாயக்கனூரில் எனக்கிருந்த நிலையை முதலில் தெரிவித்துவிடுவது முறையாகும். நான் மதுரையில் தங்கிப் படித்து, பொருளாதாரத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவன். இரண்டாம் வகுப்பு (முதல் வகுப்புக்கு மிக நெருங்கிய இரண்டாம் வகுப்பு). எங்கள் தெருவில் ஆங்கில நாளிதழ் வந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். தந்தி வந்தால் தபால்காரர் அதை உரியவரிடம் கொடுக்கும் முன் என்னிடம் காட்டிப் பொருள் கேட்டுக்கொண்டு போவார்; இதனால் பல சாவுச் செய்திகள் சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் கடைத்தெருவில் நின்றதை ஒருவரும் கண்டதில்லை. சுருங்கச் சொன்னால், என்னைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள், அல்லது எழ நினைத்தார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஏலக்காய்க்கு நல்ல காலம். மலைச்சரிவில் இருந்த தோட்டங்கள் அடிக்கடி கைமாறின. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்றவரை ஊர் 'தரகர்' என்று அழைத்தது. தரகர் என்றால் கக்கத்தில் குடையும் வாயில் வெற்றிலையுமாகப் பேருந்து நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் என்பது அன்றைய வழக்கு. இத்தொழிலுக்குக் கல்வியின் மூலம் ஒரு கௌரவத்தை உண்டாக்க நான் முடிவு செய்தேன். வீட்டு வாசலில் 'நில ஆலோசகர், பி.ஏ.' என்று பலகை மாட்டினேன். முதல் நாள் ஒரு விவசாயி வந்து, வெண்டையில் புழு விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். இரண்டாம் நாளும் அவரே வந்தார்.

என் வழிகாட்டி ஒரு நூல். மதுரை நடைபாதைக் கடையொன்றில் அட்டை இல்லாமலும் கடைசி அத்தியாயம் இல்லாமலும் கிடைத்தது. அமெரிக்காவில் வீடு விற்றுச் செல்வந்தரான ஒருவர் எழுதியது (அட்டை இல்லாததால் அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, தெரியாமல் இருப்பது அவருக்கும் நல்லது). முதலில் மனத்தைப் பழக்கு, அடுத்து பழக்கத்தைத் திருத்து, விற்பனை தானே வந்து சேரும் என்பது அவருடைய கொள்கை. அவர் கூறிய நற்பழக்கங்களைப் பன்னிரண்டு விதிகளாகச் சுருக்கி, ஒரு நீள டைரியில் பச்சை மையில் எழுதி வைத்தேன்.

முதல் விதி, விடியுமுன் எழுந்து கண்ணாடி முன் நின்று, 'நான் வெற்றியாளன்' என்று மூன்று முறை உரக்கச் சொல்வது. நான் சொல்வதையெல்லாம் முழுமையாகச் சொல்பவன். மூன்றாம் நாள் என் தந்தையார் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"காலங்காத்தால யார்கூடப்பா சண்டை?"

"ஒருவரோடும் இல்லை. மனப்பயிற்சி."

"மனசுக்குப் பயிற்சின்னா மனசுக்குள்ள சொல்ல வேண்டியதுதான. மாடு மெரளுது."

அன்று மாலை என் தாயார் எங்கிருந்தோ மந்திரித்த திருநீறு கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் என் நெற்றியில் பூசினார்.

இரண்டாம் விதி, எதிர்ப்படும் அனைவரையும் பார்த்துப் புன்னகைப்பது. நல்ல விதி. ஆனால் நான் துக்கம் கேட்கப் போன வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தேன். நான்காம் விதி, வாடிக்கையாளரின் பெயரைப் பேச்சுக்குப் பேச்சு சொல்வது. நம் ஊரில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது எத்தகைய காரியம் என்பது அமெரிக்கருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே பெயருக்குப் பின்னால் 'அவர்களே' சேர்த்துக்கொண்டேன். பேருந்து நிலையத்தருகே ஒரு பெரியவரிடம் கால்மணி நேரம் இவ்வாறு பேசியபின் அவர் சொன்னார்: "எங்கப்பன் செத்ததுக்கு அப்பறம் எம்பேர இத்தன வாட்டி சொன்ன ஆளு நீதான்ப்பா." அவர் நிலம் வாங்கவில்லை.

மூன்று மாதங்களில் என் பழக்கங்கள் மிகவும் சீர்ப்பட்டன. விற்பனை மட்டும் நடைபெறவில்லை.

இந்நிலையில் ராசிங்காபுரத்திலிருந்து மொக்கையசாமி மாமா வந்தார். என் தாயாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், நிலபுலம் உள்ளவர். அவருக்கு ஒரே மகள், செல்லத்தாய். அவளை எனக்குத்தான் என்று இரு வீட்டிலும் சிறு வயதிலிருந்தே பேசி வந்தார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை (இதற்கு மேல் எழுதுவது என் வயதுக்கு அழகன்று).

மாமா பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னா மாப்ளே, போர்டெல்லாம் போட்ருக்க. என்னா சோலி பாக்குற?"

"நில ஆலோசனை, மாமா. நிலம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே..."

"தரகு."

"ஆலோசனை."

"சரி, ஆலோசனைத் தரகு. ஒண்ணு கேட்டுக்க. குரங்கணிக்கு மேல எனக்கு மூணு ஏக்கர் சரிவு கெடக்குல்ல. எம் முழங்காலு இப்ப ஏற மாட்டேங்குது. அத வித்துக் குடு. வித்துட்டேன்னு வந்து சொல்லு, மறுநாளே தேதி குறிப்போம். போர்டுக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது. சோலி பாக்குறவனுக்குத்தான் குடுப்பேன்."

நான் தலையசைத்தேன். மாமா எழுந்தவர் மீண்டும் உட்கார்ந்தார்.

"ஒரு விசயம் மாப்ளே. அங்கன ஒரு நாவ மரம் இருக்கு. அந்த மரத்தடி இருக்குல்ல, அது எங்க தாத்தா காலத்துல..."

ஆறாம் விதி: விற்பவர் தம் பொருளின் கதையைத் தொடங்கினால் மரியாதையாக நிறுத்து. நான் கையை உயர்த்தினேன்.

"மொக்கையசாமி மாமா, விவரங்களை நான் நேரில் கண்டுகொள்கிறேன்."

"அதில்ல மாப்ளே, அந்த மரத்தடிய விட்டுட்டுத்தான் குடுக்கணும், ஏன்னா..."

"மரத்தடி நீங்கலாக. குறித்துக்கொண்டேன்."

உண்மையாகவே குறித்துக்கொண்டேன். 'மரம் நீங்கலாக' என்று பச்சை மையில் இன்றும் அந்த டைரியில் இருக்கிறது. மாமாவுக்குப் பலகை அறுக்க மரம் தேவைப்படுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். நாவல் மரத்தில் யாரும் பலகை அறுப்பதில்லை என்பதைப் பின்னர் பலர் எனக்கு எடுத்துரைத்தார்கள்.

வாங்குவதற்கு ஓர் ஆளும் பத்து நாளில் கிடைத்தார். பெயர் பரமன். போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்து ஏலத் தோட்டமொன்றில் கங்காணி. மூன்று தலைமுறையாக அங்கே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கும் குடும்பம். அந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம், படுத்திருக்கும் தரையும் தோட்டத்துக்குச் சொந்தம். தமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. குறைவாகப் பேசுவார். பேசும்போது மலையாளச் சொல் ஒன்றிரண்டு கலந்து வரும். என்னைச் 'சாரே' என்றார். அதுவே அவர்மீது எனக்கு நல்லெண்ணத்தை உண்டாக்கப் போதுமானதாக இருந்தது.

ஒரு காலைப்பொழுதில் காசியின் ஜீப்பில் குரங்கணிக்குப் போனோம். காசி அந்தத் தடத்தில் ஓட்டுபவன். பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு 'லோடு இல்ல' என்று வருத்தப்படுகிறவன். நிலம் காட்டப் போகும் ஆலோசகர் எவ்வாறு உடுத்த வேண்டும் என்பது மூன்றாம் விதி. அதன்படி நான் தேய்த்த கால்சட்டையும் பாலிஷ் செய்த ஷூவும் அணிந்திருந்தேன். குரங்கணியிலிருந்து நடந்து ஏற வேண்டும். ஏறும்போது மூன்று இடங்களில் நான் அமர்ந்தேன். விழுந்தேன் என்று காசி சொல்லிவருவது ஏற்கத்தக்கதன்று.

சரிவைப் பரமன் சுற்றிப் பார்த்தார். செடியின் தூரைக் கிளறினார். மரநிழலை அண்ணாந்து பார்த்தார்.

"வெள்ளம் உண்டா சாரே?"

தண்ணீரைக் கேட்கிறார். எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாம் விதியின்படி இல்லை, தெரியாது ஆகிய இரு சொற்களும் தடை.

"தண்ணீர்க் குறை என்ற சொல்லே இங்கு வழக்கில் இல்லை, பரமன் அவர்களே."

அப்போது என் ஷூவுக்குள் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. கணுக்காலில் அது கடிக்கத் தொடங்கியதை உணர்ந்தும் நான் இரண்டாம் விதியைக் கைவிடவில்லை. புன்னகையுடன் நின்றேன். இரத்தம் காலுறையை நனைத்தபோதும் புன்னகைத்தேன். காசி சற்றுத் தள்ளி நின்று பீடி குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடம் நல்லாருக்கு சாரே," என்றார் பரமன். "யோசிச்சுச் சொல்றேன். வீட்டுல கேக்கணும்."

யோசிக்கிறேன் என்பவர் திரும்பி வரமாட்டார் என்று நூல் எச்சரித்திருந்தது. அதற்கு மருந்து ஒன்பதாம் விதி. வாடிக்கையாளர் தயங்கும் நேரத்தில் வீட்டின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, 'இது இனி உங்களுடையது' என்று சொல். பொருள் கைக்கு வந்துவிட்டால் மனம் அதை விடாது. மிக நுட்பமான உளவியல். ஆனால் மலைச்சரிவுக்குச் சாவி ஏது? அங்கேதான் என் கல்வி வேலை செய்தது. வீட்டுக்குச் சாவி எதுவோ, நிலத்துக்கு அது மண்.

எங்கு பார்த்தாலும் சருகும் கல்லும்தான். ஓர் இடத்தில் மட்டும் தரை பெருக்கியதுபோலச் சுத்தமாக, கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. நாவல் மரத்தடி. அங்கே எண்ணெய் இறங்கிக் கறுத்த மூன்று கற்கள் நட்டிருந்தன. அவற்றை நான் கவனிக்கவில்லை என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அந்தப் பரிவு எனக்குத் தேவையில்லை. கவனித்தேன். கூலியாட்கள் சோறு பொங்கிய அடுப்பு என்று முடிவு செய்தேன்.

குனிந்து, ஒரு பிடி மண் எடுத்தேன். என் தாயார் மூலையில் என் பெயரின் முதலெழுத்தைப் பூவேலையாகத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டையில் அதை முடிந்தேன். பிற்பகல் வெயில் கண்ணில் குத்தியதால் கிழக்கு நோக்கித் திரும்பி நின்றேன். பட்டமளிப்பு விழாவில் கேட்ட குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

"பரமன் அவர்களே, இது இனி உங்களுடையது. உங்கள் இல்லத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்கள் தலைமுறை தழைக்கட்டும்."

விளைவு நூலில் கூறியதைவிடப் பன்மடங்காக இருந்தது. பரமன் செருப்பைக் கழற்றினார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"எங்களுக்கா சாரே?"

"உங்களுக்கேதான்."

"நெலத்துக்காரருக்குச் சம்மதமா?"

"முழுச் சம்மதம்."

இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலைமேல் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பிப் பார்க்காமல், வெறுங்காலோடு, விறுவிறுவென்று இறங்கினார். ஜீப்பிலும் உட்கார மறுத்து, பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி, ஒரு கையால் அந்த முடிச்சைத் தலைமேல் தாங்கிக்கொண்டே போடிவரை வந்தார். வாங்கிய மகிழ்ச்சியில் வாயடைத்துப் போன வாடிக்கையாளர் என்று நான் டைரியில் எழுதினேன். காசி பீடியைக் கீழே போட்டுவிட்டு, "சார், நீங்க இம்புட்டுப் பெரிய மனசுக்காரர்னு தெரியாமப் போச்சு," என்றான். நான் அதை மறுக்கவில்லை.

ஒன்பது நாட்கள் பரமனிடமிருந்து தகவல் இல்லை. பத்தாம் நாள் மொக்கையசாமி மாமா வந்தார். பலகையைப் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அப்பு."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறந்தது முதல் அவர் என்னை 'மாப்ளே' என்றன்றி வேறெவ்வாறும் அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் 'அப்பு' என்பது பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது.

"நாவ மரத்தடியில மண்ணெடுத்தது நீதானாப்பு?"

"ஆம் மாமா. அது ஒரு விற்பனை உத்தி."

"கெழக்க பாத்து நின்னியா?"

"வெயிலுக்காக."

"தலமொற தழைக்கட்டும்னு சொன்னியா?"

"வாழ்த்துவது மரபுதானே."

மாமா மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க சோணைச்சாமியத் தூக்கிக் குடுத்துட்டியேப்பா."

எங்கள் பகுதி வழக்கம் அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் கிளை வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், குலசாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், அதன்மேல் புதிய பீடம் கட்டுவார்கள். மண்ணோடு சாமியும் வரும். எடுப்பவர் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். வாங்குபவர் வெறுங்காலோடு, கீழே வைக்காமல், திரும்பிப் பார்க்காமல் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அமெரிக்கர் எழுதியதை அன்று அத்தனை முனைப்பாக நினைவில் வைத்திருந்ததால் இதற்கு இடமில்லாமல் போயிற்று.

"அங்கன லயத்துல பீடம் கட்டி, கெடா வெட்டிட்டாங்களாம். காசி சொல்லித்தான் எனக்கே தெரியும். நெலம் வேணாமாம். சாமியே வீடு தேடி வந்துருச்சு, இனி எங்க போறதுன்டு பரமன் சொல்லிவிட்டுருக்கான்."

விற்பனை போயிற்று. அதை நான் நிமிர்ந்து நின்றே ஏற்றுக்கொண்டேன். ஆனால் மாமா முடிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்குப்பு. பிடிமண்ணு பங்காளி வீட்டு ஆம்பளதான் எடுக்கணும். மாமன் மச்சான் எடுக்கக் கூடாது. எனக்கோ ஆம்பளப் பிள்ள இல்ல. எடுத்தது நீ. கோடாங்கிகிட்டக் குறி கேட்டுட்டுத்தான் வாரேன். மண்ணெடுத்தவன் பங்காளின்டு சொல்லிட்டான்."

"பங்காளி என்றால்?"

"எனக்கு மகன் மொற."

"அப்படியானால் செல்லத்தாய்க்கு..."

மாமா தரையைப் பார்த்தார்.

"அண்ணன் மொறப்பு."

இருபத்தைந்து ஆண்டுகள் மருமகனாக இருந்த ஒருவனை ஒரு பிடி மண் மகனாக்கிவிட்டது. நிலத்தை விற்காமல் போனால் கல்யாணம் தள்ளிப்போகும் என்றுதான் அஞ்சியிருந்தேன். இப்போது பெண்ணையே கேட்க முடியாத முறையில் போய் நின்றேன். மறுநாள் விடியுமுன் எழுந்தேன். கண்ணாடி முன் நின்றேன். குரல் எழவில்லை. எங்கள் வீட்டு மாடு பல வாரங்களுக்குப் பின் நிம்மதியாக அசைபோட்டது.

சாமியைத் திரும்ப அழைத்து வருவதென்று மாமா முடிவு செய்தார். வந்துவிட்டால் என் பங்காளித்தனமும் நீங்கும் என்பது கணிப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை காசியின் ஜீப்பு போடிமெட்டு ஏறியது. முன்னால் மாமாவும் உடுக்கையோடு கோடாங்கியும். பின்னால் பூசைச் சாமான்களோடு செல்லத்தாய். எதிர்ச் சீட்டில் இடமில்லாததால் அவள் பக்கத்தில் நான்.

பன்னிரண்டு விதிகளில் இந்தச் சந்தர்ப்பத்துக்கு ஒன்றும் இல்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வளைவில் அவள் வாய் திறந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. தேங்கா உருளுது."

காசி பிரேக்கை மிதித்தான். எதற்கு என்று கேட்டதற்கு, கண்ணில் தண்ணீர் வந்து பாதை தெரியவில்லை என்றான்.

"நான் வேண்டுமென்றே செய்யவில்லை," என்றேன் தணிந்த குரலில்.

"தெரியும். வேணும்னு செய்ய வெவரம் வேணும்ல."

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களைக் கண்டு ஊரே திரண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். லயத்து முன்பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பீடம். அதன்மேல் நட்ட வேல்கம்பின் நுனியில் என் கைக்குட்டை காற்றில் பறந்துகொண்டிருந்தது. என் பெயரின் முதலெழுத்து தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. பரமன் ஓடி வந்து என் தலையில் பரிவட்டம் கட்டினார். "மண்ணு தந்த சாரு" என்று குழந்தைகளுக்கு என்னைக் காட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பொதுமரியாதை அதுதான்; அதை எந்த முகத்தோடு பெறுவது என்று தெரியாமல், பழக்கத்தினால் புன்னகைத்தேன்.

சாமியைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று மாமா எப்படியோ சொல்லி முடித்தார். குலவை நின்றது. பரமனின் தாயார் முன்னால் வந்தார். தலை முழுக்க நரைத்த அம்மாள்.

"எங்க மாமியா காலத்துல கீழருந்து இங்க வந்தோம். எந்த ஊரு, எந்த சாமி, ஒண்ணும் அறியாது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் யாரைக் கும்புட்டுத் தொடங்கன்னு தெரியாம, சும்மா மலையப் பாத்துக் கும்புட்டோம். இப்பத்தான் ஒரு சாமி வந்து இருக்கு. அதக் கொண்டா கொண்டான்னா, நாங்க எங்க போவோம்?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் இளகிய மனத்தினர். இறுகிய முகம் மட்டும்தான் அவருக்குப் பிதுரார்ஜிதம். இருவரும் கோடாங்கியைப் பார்த்தார்கள். கோடாங்கி உடுக்கையை அடித்தார். சற்று நேரம் ஆடினார். பிறகு அறிவித்தார்:

"வந்த சாமி எறங்காது. இங்கனதான் இருக்கும். மரத்தடியிலயும் இருக்கும். நெலத்த விக்கக் கூடாது. மண்ணெடுத்தவன் பங்காளி. அவன் வருசா வருசம் வந்து மொத மரியாதைய வாங்கணும்."

எல்லோருக்கும் ஒன்று கிடைத்தது. எனக்குத் தங்கை கிடைத்தாள். மாமா என் தோளில் கை வைத்து, "விடு அப்பு, வேற நல்ல எடமாப் பாப்போம்," என்றார். எனக்குப் பெண் பார்ப்பதைத்தான் சொன்னார்.

அப்போது செல்லத்தாய் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் படித்த தர்க்கமெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"ஒரு சந்தேகம் சாமி. பங்காளி எடுத்தாத்தான் மண்ணோட சாமி வரும். அப்படித்தான?"

"ஆமா ஆத்தா."

"இவரு மண்ணெடுக்கிற அன்னைக்குப் பங்காளி இல்ல. எங்கப்பாவுக்கு மருமகன் மொற. அப்ப சாமி வரல. இவுக கட்டுன பீடத்துல ஒண்ணுமில்ல, வெட்டுன கெடாவும் சும்மா வெட்டுனதுதான். அப்படித்தான?"

லயத்து ஆட்கள் சலசலத்தார்கள். ஒருவர் கையில் அரிவாள் இருந்தது (ஏலக்காட்டு வேலைக்கானது என்றாலும் அரிவாள் அரிவாள்தான்). கோடாங்கி அவசரமாகச் சொன்னார்: "சேச்சே, சாமி வந்துருச்சு. நான்தான் பாத்தேனே."

"வந்துருச்சுன்னா, மருமகன் எடுத்தாலும் வரும்னு ஆகுது. அப்ப இவரு மருமகனாவே எடுத்துட்டாரு. பங்காளி ஆகணும்னு கட்டாயம் இல்ல. வந்துச்சா, வரலையா? வெரசா ஒண்ணச் சொல்லுங்க, பொங்கலு வைக்கணும்."

கோடாங்கி உடுக்கையைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வந்துருச்சு. மருமகனும் எடுக்கலாம்."

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் செல்லத்தாய். "மருமகன்னு சாமியே சொல்லிருச்சு." பிறகு முகம் சிவந்து, தேங்காயைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

மாமா பீடத்தை ஒரு தடவை பார்த்தார், பரமனின் தாயாரை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளில் இருந்த கையை எடுத்தார்.

"அங்கன என்னா சிரிச்சுக்கிட்டு நிக்கிற மாப்ளே. போயி வெறகு எடுத்துக் குடு."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அடைந்த நிம்மதியைப் போல், பட்டம் வாங்கியபோதும் அடைந்ததில்லை.

தை மாதம் எங்கள் திருமணம் நடந்தது. நிலத்தை விற்கவில்லை, சோலியும் இல்லை. ஆனால் சாமி சொன்னதற்கு எதிராக மாமா எப்படிப் பேசுவார்? ஒரே குலசாமி ஆகிவிட்டதால் பரமன் லயத்து ஆட்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு பெண்வீட்டுப் பங்காளியாக வந்திறங்கினார். நில ஆலோசனைத் தொழிலை நான் அதன்பின் தொடரவில்லை. தொடர இயலவில்லை என்பது சரியான கூற்று. எவரேனும் என்னைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றால், உள்ளே நுழையுமுன், "கையப் பின்னால கட்டிக்கங்க சார்," என்றார்கள். பலகையைக் கழற்றிவிட்டு ஆசிரியப் பணியில் சேர்ந்து, அதில் குறை சொல்ல இடமின்றி ஓய்வு பெற்றேன்.

என் இளைய மருமகன் இப்போது மனைப் பிரிவு விற்கிறான். அண்மையில் ஓட்டல் கூடமொன்றில் நடந்த பயிற்சி வகுப்புக்கு என்னையும் அழைத்துப் போனான். சட்டைக் கழுத்தில் ஒலிவாங்கி மாட்டிய ஓர் இளைஞர் இங்குமங்கும் நடந்துகொண்டே, விடியுமுன் எழுங்கள், கண்ணாடி முன் நில்லுங்கள், புன்னகை செய்யுங்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்நூறு பேர் எழுதிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் கையில் பொருளை வைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். திரும்பும் வழியில் மருமகன் என் கருத்தைக் கேட்டான். கடைசி அத்தியாயம் அவரிடமும் இல்லை என்றேன். தோற்றால் என்ன செய்வதென்று அதில் எழுதியிருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஆண்டுதோறும் அந்த லயத்துக்குப் போய் முதல் மரியாதையைப் பெற்று வருகிறேன். வேல்கம்பில் இப்போது வேறு துணி. ஆனால் மூலையில் என் முதலெழுத்தைத் தைக்காமல் கட்டக் கூடாது என்பது அங்கே சம்பிரதாயமாகிவிட்டது. அந்தப் பயணம் முழுவதும் என் மனைவி பேரப்பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லி வருவாள். வீட்டில் எந்தப் பொருளைக் காணவில்லை என்றாலும், "தாத்தா யாருக்காச்சும் தலமொற தழைக்கட்டும்னு குடுத்துருப்பாரு," என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் வழக்கு. மூன்றாவது வளைவு வந்ததும் அவள் தவறாமல், "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்பாள். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

அதை நான் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் ஊரில் பரவியுள்ள இரண்டு பிழைகளைத் திருத்த வேண்டியுள்ளது. நான் சாமியை விற்றேன் என்கிறார்கள். விற்கவில்லை, கொடுத்தேன். ஒரு கூடை மண் என்கிறார்கள். ஒரு பிடி.